சுவர் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்

குடியிருக்கிற வீட்டுச் சுவர் இடிந்து விழ வேண்டும் என்று சாமியிடம் கேட்ட பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்ததில்லை என்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். நான்தான் அது.

முத்துமாரியம்மனை நம்புகிற என் சொந்தங்களே, என் பெயர் சரஸ்வதி. பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே ஏறி வந்தால் எங்கள் தோட்டத்து டிவிசன். நான் கொழுந்து பறிக்கிறேன். என் வீட்டுக்காரர் சிவலிங்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறார். ஒரே மகள் திவ்யா, பள்ளிக்கூடம் போகிறாள். கோயில் கமிட்டியில் என்னை எழுதித் தரச் சொன்னார்கள். எழுத வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். நோய் தீர்ந்தது, பிள்ளை பிறந்தது என்று எழுதுகிறவர்களுக்கு மனம் லேசாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. அம்மன் நான் கேட்டதைக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொள்ளத்தான் நான் பட்ட பாடு.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாக ஆறு காம்பரா, காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. வெள்ளைக்காரன் காலத்தில் கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டியது. ஆறு குடும்பத்துக்கும் கூரை ஒன்று, பின்சுவரும் ஒன்று. முதல் காம்பராவில் யாராவது இருமினால் ஆறாவதில் இருக்கிற எங்களுக்குக் கேட்கும். எங்களுக்கு அடுத்த காம்பராவில் பாக்கியம் அக்கா இருந்தார். கணவர் இறந்துவிட்டார். வயதாகி, தோட்ட வேலையிலிருந்தும் நின்றுவிட்டார். மகன் கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு முறை தீபாவளிக்கு வருவான்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் மண்மேடு. மழை பெய்தால் மேடு முழுக்கத் தண்ணீர் குடித்துச் சுவரில் சாய்ந்துகொள்ளும். எங்கள் காம்பராவின் பின்சுவரில் கூரையிலிருந்து தரைவரை ஒரு வெடிப்பு இருந்தது. மழைக்காலத்தில் அதன் வழியாகச் சேற்றுத் தண்ணீர் கசிந்து பாய் வரைக்கும் வரும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வெடிப்போடுதான் குடித்தனம் நடத்தினேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருஷம் வைகாசியில் அம்மன் தேர் வந்தது. எங்கள் தோட்டத்தில் தேர் ஒவ்வொரு லயத்துக்கும் வரும், வாசலில் நின்று பூசை வாங்கும். அதற்குள் வெள்ளையடிக்காத காம்பரா என்றால் அந்த வீட்டுப் பொம்பளைக்குத்தான் கெட்ட பெயர். எனக்கோ சுத்தம் என்றால் கொஞ்சம் பைத்தியம். அம்மன் வாசலில் நின்று உள்ளே பார்க்கும்போது அந்த வெடிப்பு கண்ணில் படக் கூடாது என்று நினைத்தேன். களிமண்ணையும் சாணத்தையும் குழைத்து, வெடிப்பு முழுக்கத் திணித்து, வழித்துவிட்டு, மேலே இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தேன். அந்த இடத்திலேயே ஆணி அடித்துப் பெரிய அம்மன் படத்தையும் மாட்டினேன். வெடிப்பு இருந்த அடையாளமே இல்லை. "விட்டா நீ மலைக்கே வெள்ளையடிச்சிருவ" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குப் பெருமைதான்.

தேருக்குப் போட்ட மாலை வாடுவதற்குள் வீட்டுத் திட்டத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதுவரை சொந்தமாக ஒரு வீடு இல்லாத தோட்டத்துக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஒரு வீட்டுக்கு அளவான ஏழு பேர்ச் காணியும் அதில் ஒரு தனி வீடும் கொடுக்கிறது என்றார்கள். உறுதிப் பத்திரம் நம் பெயரில் வரும். வேலை செய்கிற குடும்பங்களுக்கு மட்டும்தான், அதிலும் மோசமான லயங்களில் இருப்பவர்களுக்கு எல்லாருக்கும் முன்னால். இதைக் கேட்டதும் எங்கள் லயத்தில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த மலையில் இருக்கிறோம். நாங்கள் பிறந்த காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம், செத்தால் புதைக்கிற மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். தனி வீடு என்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யக்கூட எங்களுக்குத் தெரியாது. திவ்யா மட்டும் ஜன்னலைப் பற்றிக் கேட்டாள். தனக்கென்று ஒரு ஜன்னல் இருக்குமா என்று.

அதிகாரிகள் வந்த அன்று எனக்கு உடம்பு சரியில்லை, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை, அதனால் வீட்டில் இருந்தேன். வந்தவர்களை வாசலில் நிற்க வைக்க முடியுமா? உள்ளே கூப்பிட்டு, பக்கத்துக் காம்பரா வாசலில் கிடந்த கதிரையை எடுத்து உட்காரப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு நாலு பக்கமும் பார்த்தார்கள். வெள்ளை வெளேர் என்று சுவர், நடுவில் மஞ்சள் பூசிய அம்மன்.

"இந்த லயத்துல ஏதாவது குறைபாடு இருக்கா அம்மா?" என்று பெரியவர் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லைங்க ஐயா. ஒங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்" என்றேன்.

என் அப்பா தோட்டத்துத் துரைக்கு இப்படித்தான் பதில் சொல்வார். என் அம்மா கங்காணிக்கு இப்படித்தான் சொல்வாள். வீட்டுக்கு வந்த பெரிய மனுஷரிடம் யாராவது குறையை அவிழ்த்துக் கொட்டுவார்களா? மரியாதைக்குச் சொன்னேன். அவர்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். மற்ற ஐந்து காம்பராவிலும் ஆள் இல்லை, எல்லாரும் மலையில், பாக்கியம் அக்காவும் விறகுக்குப் போயிருந்தார். என் காம்பராவைப் பார்த்தே முழு லயத்தையும் நல்ல லயம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆவணியில் விபரம் வந்தது. மேல் லயத்துக்கு வீடு. ஆற்றங்கரை லயத்துக்கு வீடு. எங்கள் லயத்துக்கு இல்லை. அடுத்த கட்டத்தில் பார்ப்போம் என்றார்கள். அடுத்த கட்டம் எப்போது என்று கேட்டதற்கும் அதையே திரும்பச் சொன்னார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் என் தலையில் மட்டுமா போட்டேன், ஆறு குடும்பத்தின் தலையிலும் போட்டேன். லயத்தில் சிலர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். பாக்கியம் அக்கா மட்டும்தான் பழையபடி பேசினார், அதுவும் கிண்டல்.

"ஏன்டி சரசு, வீடு பாக்க வந்தாங்களா, பொண்ணு பாக்க வந்தாங்களா? அப்புடி சோடிச்சு வச்சிருந்தியே!"

"ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கா அக்கா?"

"எனக்கு என்ன புள்ள, எனக்குத்தான் எப்புடியும் இல்லையே. வேலையில பேரு வெட்டுனவளுக்கு வீடு இல்லேன்னுட்டாங்க. அழுறதுன்னா நீதான் அழணும்."

அன்று மாலை விளக்கு வைக்கும்போது அம்மனோடு சண்டை போட்டேன். பக்தி என்றால் கை கூப்பி நிற்பது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். எனக்கு அவள் தாய். தாயோடு சண்டை போடாமல் யாரோடு போடுவது? "ஒனக்காகத்தானே அடைச்சேன்? நீ வர்றேன்னுதானே வெள்ளையடிச்சேன்? நல்லா செஞ்ச தாயி, நல்லா செஞ்ச" என்று வாய்விட்டே சொன்னேன். அவள் எப்போதும் போல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பதுளைக்கு அலைந்தேன். ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோர். போகிற ஒவ்வொரு நாளும் வேலை போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே. கடைசியில் ஐப்பசி மாதத்தில் ஒரு பெண் உத்தியோகத்தர் மறுபடியும் பார்க்க வந்தார். சின்ன வயது, தமிழ்ப் பிள்ளை, நல்ல மாதிரி. இந்த முறை நான் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. நேரே படத்தைக் கழற்றிச் சுவரைக் காட்டினேன். அந்தப் பாழாய்ப்போன சுண்ணாம்பில் ஒரு கீறல் கூட இல்லை. என் கைவேலை அவ்வளவு நன்றாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்க்கலாம் என்றால் சுவரில் பாதிக்குமேல் மண் மூடிக் கிடந்தது.

"அக்கா, நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லல" என்றார் அந்தப் பிள்ளை. "ஆனா கண்ணுக்குத் தெரியறதத்தான் நான் எழுதலாம்."

"சுரண்டிக் காட்டட்டுமா மேடம்?"

"வேணாம் அக்கா. இன்னொரு தோட்டத்துல ஒருத்தர் கடப்பாரையால குத்திட்டு வெடிப்புன்னு காட்டினாரு. கண்டுபிடிச்சு, அவர் பேரையே எடுத்துட்டாங்க. நீங்க ஒன்னும் செய்யாதீங்க. மழையில சுவர் விழுந்துச்சுன்னா ஒடனே கிராம சேவகருக்குச் சொல்லுங்க. அப்படிப் பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் இப்ப முதல் இடம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை இறங்கிப் போன பிறகு எனக்கு அது மட்டும்தான் காதில் நின்றது. சுவர் விழுந்தால் வீடு.

என் வீட்டுக்காரருக்கும் அதுவே நின்றிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு வந்தார்.

"தள்ளு. மழ பெய்யிற நேரமாப் பாத்து ரெண்டே குத்து. எவனுக்குத் தெரியும்?"

"அம்மன் படம் மாட்டுன சுவத்துலயா?"

"படத்தக் கழட்டு."

"நான் கழட்ட மாட்டேன். நீங்களும் கழட்டக் கூடாது."

"அப்ப சாவுற வரைக்கும் இந்தக் காம்பராவுலேயே கெட!" என்று கத்தினார். அவர் கத்துகிற ஆள் இல்லை. கடப்பாரையை மூலையில் போட்டுவிட்டு, மழையிலேயே வெளியே போனார். திவ்யா புத்தகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் விளக்கு வைத்து அந்த வேண்டுதலை வைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "தாயே, நீ மழைக்காரி. மாரின்னாலே மழதானே. நாங்க சுவத்துல கை வைக்க மாட்டோம். நீயே தள்ளிவிடு. ஆனா எங்க மூணு பேருக்கும் ஒன்னும் ஆகக் கூடாது. தள்ளிவிடு தாயே." பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காமல் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தேன். ஒரு நாள் இல்லை, தினமும் கேட்டேன்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. பதுளைப் பக்கத்து மழை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மலை தெரியாது, பாதை தெரியாது, தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அப்போதுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்பது எனக்கே உறைத்தது. விளக்கு வைக்கும்போது தள்ளிவிடு என்பேன். கொஞ்ச நேரத்தில் திவ்யா அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படிப்பாள், உடனே வேண்டாம் தாயே வேண்டாம் என்பேன். கேட்பதை நிறுத்தவும் மனம் வரவில்லை, தொடரவும் தைரியம் இல்லை. பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன். மலையில் கொழுந்து பறிக்கும்போது எங்கேயாவது மண் சரிகிற சத்தம் கேட்டால் கூடையோடு நின்று லயத்தைத் திரும்பிப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரியான வேண்டுதலா அது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. விடாத மழை. எல்லாரும் லயத்தில் இருந்தோம். நான் பூ வைக்க அம்மன் படத்துக்கு முன்னால் போனேன். படம் வழக்கம்போல் இல்லை. எப்போதும் அதன் அடிப்பக்கம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்று சுவரை விட்டு விலகி, இடையில் விரல் நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. அம்மன் எங்களை நோக்கி ஓர் அடி எடுத்து வைப்பது போல் இருந்தது. நான் கேட்டதற்கு என்னை அடிக்கத்தான் சுவரை விட்டு இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன்.

"என்னங்க, இங்க வாங்க! அம்மனப் பாருங்க!" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து படத்தைப் பார்த்தார், பிறகு மேலே கூரையைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"படம் நேராத்தான் தொங்குது. சுவருதான் நம்ம பக்கம் சாஞ்சிருக்கு. புள்ளயத் தூக்கு, வெளிய ஓடு!"

அவர் ஒவ்வொரு காம்பராவாகக் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடினார். ஆறு குடும்பமும் மழையில் இறங்கி எதிரே கோயில் கொட்டகைக்கு ஓடினோம். பிள்ளைகளை எண்ணிப் பார்த்தோம். எல்லாரும் இருந்தார்கள். அப்போது பாக்கியம் அக்கா, "ஐயோ, அடுப்புல சோறு" என்றார். நான் கையைப் பிடிப்பதற்குள் திரும்பிப் போய்விட்டார். ஒண்டிக்கட்டை. அந்தச் சோறு போனால் அன்றைக்கு அவருக்கு வேறு சோறு இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. இடி மாதிரி விழும் என்று நினைத்திருந்தேன். ஈரச் சாக்கு மூட்டையை இறக்கி வைத்தது போல ஒரு சத்தம். எங்கள் காம்பராவின் பின்சுவர் உள்ளே படுத்தது, அது இழுத்த இழுப்பில் பாக்கியம் அக்காவின் சுவரும் வந்தது, கூரைத் தகரம் மடிந்து இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஆறு காம்பராவுக்கும் பின்சுவர் இல்லை. நான் என் சுவரைத்தான் கேட்டேன். லயத்தில் என் சுவர் என்று ஒன்று எங்கே இருக்கிறது? இது எனக்கு அன்றுதான் தெரிந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிறந்ததிலிருந்து ஏதாவது ஒரு லயத்துக்குள்தானே இருக்கிறேன்.

ஆண்கள் கல்லைப் புரட்டிப் பாக்கியம் அக்காவை வெளியே எடுத்தார்கள். உயிர் இருந்தது. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்தது. கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு, வழுக்குகிற பாதையில் ரோட்டுக்கு இறக்கி, லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

நிலைமை மோசம், காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்னார்.

எங்களை எல்லாம் பிள்ளைக் காம்பராவில் தங்க வைத்தார்கள். கொழுந்துக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. ஒரே கூடம், ஆறு குடும்பம், பத்துப் பிள்ளைகள் தூங்க அளவெடுத்துக் கட்டிய இடத்தில். அங்கே எனக்கு நடந்ததுதான் பெரிய தண்டனை. பேச்சை நிறுத்தியிருந்தவர்கள் எல்லாம் வந்து என் கையைப் பிடித்தார்கள். "ஒனக்குத்தான் ஆத்தா மொதல்ல காட்டியிருக்கா சரசு. ஒன் பக்திதான் எங்க புள்ளைங்களக் காப்பாத்துச்சு" என்றார்கள். ஒரு வயதான அம்மா என் காலைத் தொடக் குனிந்தார். நான் பின்னால் நகர்ந்தேன். பணிவு என்று நினைத்துக்கொண்டார்கள். சுவரை விழச் சொல்லிக் கேட்டவளே இவள்தான் என்று தெரிந்தால் என்ன செய்திருப்பார்கள்? கிராம சேவகர் வந்து சேதத்தை எழுதிக்கொண்டு, "ஒங்களுக்கு இனி வீடு நிச்சயம்" என்றார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். இடிந்த இடத்திலிருந்து எடுத்த படம் அங்கே ஒரு மூலையில் இருந்தது, கண்ணாடி உடைந்து. அதன் முன்னால் தலை நனைந்த ஈரத்தோடு உட்கார்ந்தேன். "வீடு வேணாம் தாயே. கேட்டது தப்பு. மூணு பேருக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னு கேட்டேனே, சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருக்கான்னு எனக்குத் தோணலையே. வீட்ட எடுத்துக்க. அக்கா காலக் கொடு" என்றேன். கால் பிழைத்தால் உன் வாசலில் மண்சோறு சாப்பிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அன்றைக்கு அழுத அழுகை என் அம்மா செத்தபோதுகூட நான் அழவில்லை. இதுவரைக்கும் நான் அம்மனிடம் கேட்டதெல்லாம் அதிகாரியிடம் கேட்பது மாதிரிதான் கேட்டிருந்தேன். எனக்கு இது சேர வேண்டும், தா என்று. அன்று அப்படிக் கேட்க முடியவில்லை.

தினமும் வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாக்கியம் அக்காவின் மகன் வந்து பார்த்துவிட்டு, லீவு இல்லை என்று திரும்பிவிட்டான். அக்காவுக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். "இவ்வளவு செய்யுதே இந்தப் புள்ள" என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மாவிடம் அக்கா பெருமையாகச் சொல்வார். எனக்கு நெருப்பு மேல் நிற்கிற மாதிரி இருக்கும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் டொக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு திரும்பியிருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்றார். நான் வார்ட்டு என்றும் பார்க்காமல் தரையில் விழுந்து கும்பிட்டேன். தாதியம்மா திட்டினார். திட்டட்டும். அந்த வெள்ளிக்கிழமையே அம்மன் வாசலில் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம், அக்கா காலுக்கு என்று மட்டும் சொன்னேன்.

தை மாதம் முன்பு வந்த அந்தப் பெண் உத்தியோகத்தர் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறு குடும்பத்துக்கும் வீடு. பாக்கியம் அக்கா பெயரையும் சொன்னபோது நான் பிழையாகக் கேட்டேனோ என்று நினைத்தேன்.

"மேடம், அக்கா வேலையில இல்லையே. அவங்களுக்கு இல்லேன்னு முன்ன சொன்னாங்களே?"

"அது லயத்துல இருக்கிற தொழிலாளிங்களுக்கு வீடு குடுக்கிற சட்டம் அக்கா. இது இடிஞ்சவங்களுக்கு. இதுல வேலை செய்றாங்களான்னு கேள்வி இல்ல. இடிஞ்ச வீட்டுல குடியிருந்தா போதும்."

நான் அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். சுவர் இடியாமல் இருந்திருந்தால், அடுத்த கட்டம் வந்து, அதற்கடுத்த கட்டம் வந்து, நாங்கள் எல்லாரும் வீடு கட்டிப் போயிருந்தாலும், அக்கா மட்டும் அந்த லயத்தில் தனியாகக் கிடந்திருப்பார். வீடு வேண்டாம், எடுத்துக்கொள் என்று சொன்னேனே. அவள் எடுக்கவும் இல்லை, நான் நினைத்தே பார்க்காதவருக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

மாசியில் காணி காட்டக் கூட்டிப் போனார்கள். ரோட்டுக்குப் பக்கத்தில், மண்மேடு எதுவும் இல்லாத சமதரை. கயிறு கட்டி, முளை அடித்திருந்தார்கள். பாக்கியம் அக்கா கைத்தடியோடு நொண்டி நொண்டி வந்து, தன் கயிற்றுக்குள் போய், தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். எழுந்து வர மாட்டேன் என்றார். மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, ஒங்க காலு இப்புடி ஆனதுக்கு நான்தான் காரணம்."

"ஏன்டி, நீயா தள்ளுன?"

"சுவரு விழணும்னு நான்தான் அம்மங்கிட்ட கேட்டேன். தினமும் கேட்டேன் அக்கா. வீடு கெடைக்கும்னு கேட்டேன். ஒங்கள நெனைக்கவே இல்ல." இதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"அடி பாவி!" என்றார். "நீயுமா?"

எனக்கு விளங்கவில்லை.

"நீ அந்தப் பக்கம் வெளக்கு வச்சு மணி அடிக்கிறப்ப, நான் இந்தப் பக்கம் நடுச்சுவத்துல கைய வச்சுக்கிட்டு நிப்பேன். எங்கிட்ட ஏது அவ்வளவு பெரிய படம்? ஒன் அம்மனத்தான் நான் சுவத்துக்கு இந்தப் பக்கமிருந்து கும்புட்டேன். ஆத்தா, அந்தப் பின்சுவத்த எடுத்துரு, பேரு வெட்டுனவளுக்கும் ஒரு வழி காட்டுன்னு கேட்டேன். விழுந்தா எனக்கும் ஏதாச்சும் குடுப்பாங்கன்னு ஒரு நப்பாச. காலக் கேக்கல புள்ள. அத அவளா சேத்துக்கிட்டா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கால் வலித்து, ஐயோ அம்மா என்றார், திரும்பச் சிரித்தார்.

"நாம ரெண்டு பேருந்தான்னு நெனைக்கிறியா? மொதக் காம்பரா ராமாயியக் கேட்டுப் பாரு. மாவெளக்குப் போட்டிருக்கா அவ."

கேட்டுப் பார்த்தேன். ராமாயி முதலில் இல்லவே இல்லை என்றார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, எப்படித் தெரியும் என்று கேட்டார். மற்ற மூன்று வீடுகளிலும் நான் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. நான் அந்த வேண்டுதலை எவ்வளவு ஒளித்து வைத்தேனோ அவ்வளவு ஒளித்து அவர்களும் வைத்திருந்தார்கள். மழையில் விழுந்த சுவர் என்று சர்க்கார் எழுதியிருக்கிறது. சரிதான். ஆனால் உள்ளே குடியிருந்த ஆறு குடும்பமும் சேர்ந்து விழு விழு என்று கேட்டால் எந்தச் சுவர்தான் நிற்கும்? ஒரு வீடு கிடைக்க மனுஷர் இப்படி வேண்ட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அதை அம்மனிடமும் சொல்லிவிட்டேன்.

சொந்தங்களே, எல்லாம் முடிந்து சுகமாக இருக்கிறேன் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறோம். வீட்டுச் சுவர் எழுந்திருக்கிறது, கூரை ஏறவில்லை. உறுதிப் பத்திரம் கைக்கு வரவில்லை. பாக்கியம் அக்கா ஆயுள் முழுக்கத் தடியோடுதான் நடப்பார். மழை பெய்தால் திவ்யா இன்னும் சுவரில் சாய மாட்டாள், நடுக் கூடத்தில் உட்கார்ந்துதான் படிக்கிறாள். ஆனால் அவளுடைய ஜன்னலுக்குச் சட்டம் வைத்தாகிவிட்டது. அவள் போய் அதில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

என் ஆத்தா எனக்கு என்ன செய்தாள் என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். மோசமாகக் கேட்டவளையும் அவள் கைவிடவில்லை. என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள். அக்காவின் கால் உடம்போடு இருக்கிறது. எனக்கு முன்பு போல் ஒளித்துக் கேட்கிற புத்தி போய்விட்டது. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, வெட்கப்படாமல் அவளிடம் போங்கள். சரியாகக் கேட்கத் தெரியவில்லை என்றாலும் போங்கள், அவள் திருத்திக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் ஆறு வீட்டுப் பெண்களும் சாயங்காலம் அந்தக் காணிக்குப் போகிறோம். பாக்கியம் அக்காவை நடுவில் உட்கார வைத்து, ஆளுக்கொரு விளக்கு வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வேண்டிக்கொள்கிறோம். இந்தச் சுவர்கள் நிற்க வேண்டும் தாயே என்று. பதுளைப் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். எங்களோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.